கூரையைப் பார்த்துக்கொண்டே நின்ற நைனா

ரேணிகுண்டா விமான நிலையத்தை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும், என்னவோ நானே செங்கல் சுமந்து கட்டியதுபோல. சிறகை விரித்து உட்கார்ந்த கருடன் மாதிரிக் கட்டடம். என் மொட்டைத் தலையைவிட வழவழப்பான தரை. மொட்டையை எதற்கு இழுக்கிறேன் என்றால், கதையே அதில்தான் இருக்கிறது.

எனக்கு ஒன்பது வயதானபோது அத்தைக்கு ஐதராபாத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. தாத்தா போன பிறகு, தங்கையான அவரைத் தூக்கி வளர்த்துப் படிக்க வைத்தவர் நைனா, என் அப்பா. வேலை கிடைத்தால் மொட்டை என்று வேண்டிக்கொண்டது அத்தை; போட்டுக்கொண்டது நைனாவும் நானும். என் முடியை என்னைக் கேட்காமலே வேண்டுதலில் சேர்த்திருந்தார்கள்.

காலையில் மலையில் முடியைக் கொடுத்துவிட்டு, தலையில் சந்தனத்தோடு நேராக விமான நிலையம் வந்தோம். எங்கள் ஊரான குடிபாலாவில், எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகப் பறக்கப்போகிறவர் அத்தை. டிக்கெட் இல்லாத நாங்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும்.

“உள்ள போயி ஒருவாட்டி திரும்பிப் பாக்கறேண்ணா. இங்கியே நில்லு” என்று சொல்லிவிட்டு அத்தை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார்.

சொன்னபடியே திரும்பினார். ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றதெல்லாம் சந்தனம் பூசிய மொட்டைகள். அந்தக் கோடியில் நின்ற வேறொரு மொட்டை அப்பனையும் மகனையும் பார்த்து அத்தை உருக்கமாகக் கையாட்டினார். அந்த மனிதரும் மரியாதைக்குத் திருப்பி ஆட்டினார்.

“நைனா! அத்தை யாருக்கோ டாட்டா காட்டிக்கினு கீது!”

“டேய், நாலு அடி வச்சா மறைஞ்சிடுவாடா. எதனா பண்ணு!” நைனாவின் குரலே மாறிவிட்டது.

என் கையில் அத்தை விடியற்காலையில் கிளறித் தந்த புளிசாதத்தின் பச்சை டப்பா இருந்தது. அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கண்ணாடி முன்னால் குதித்தேன். மிச்சச் சோறு சந்தனத்தில் ஒட்டி, காதோரமாக இறங்கியது.

“ஏ பாபு, இது ஏர்போர்ட்டா, பெண்ட்லி மண்டபமா?” என்று, தலையில் அரிசி கொட்டும் தெலுங்குக் கல்யாணத்தை நினைத்துக் காவலர் சிரித்துவிட்டார்.

தன் டப்பாவை அத்தைக்குத் தெரியாதா? என்னைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர், பக்கத்தில் நின்ற நைனாவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் வெற்றிப் பெருமையோடு திரும்பினால், நைனா வாசல் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம்மாம் ஒசரம் பாருடா! இன்னாமா கட்டிக்கீறாங்க!”

“நைனா, அத்தை இங்க...”

“பாத்துக்கினுதான்டா கீறேன். கூரையப் பாரேன்!”

நானும் கழுத்து வலிக்கப் பார்த்தேன். பஸ்ஸில் சித்தூர் வரும்வரை அந்தக் கூரையைத் தவிர அவர் வேறெதுவும் பேசவில்லை. நைனாவுக்குள் ஒரு என்ஜினீயர் ஒளிந்திருக்கிறார் என்று பள்ளியில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

இப்போது ஓடுபாதையை நீட்டிவிட்டார்கள். சாலையும் அகலம், கண்ணயர்வதற்குள் ரேணிகுண்டா வந்துவிடுகிறது. போன மாதம் என் தங்கை வேலைக்குக் கிளம்பினாள். “அண்ணா, தலைல எதையும் கவுத்துக்காத, மானம் போயிடும்” என்று மிரட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள். போனவள் திரும்பிக் கையாட்டினாள்.

நல்ல கூரைதான். அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணில் இருப்பது கண்ணிலேயே நின்றுவிடுகிறது. ஒன்பது வயதில் இது தெரியாமல், நைனாவுக்குக் கட்டடம்தான் பிடித்துப்போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.