அதொயேவுக்கு ஒரு தாய்ப் பெயர்

அதொயேவைப் பெற்றவள் யாரென்று எங்கள் மெரோவே ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மழை பொய்த்த ஓர் ஆண்டில், கிழக்குச் சமவெளியில் பழைய அரசர்கள் வெட்டிவைத்த மழைநீர்க் குளத்தின் கரையில், கல் சிங்கத்தின் நிழலில் அழுதுகொண்டு கிடந்தாள். தூர் வாரப் போன பெண்கள் தூக்கிவந்தார்கள். பால் இருந்தவர்கள் முறை வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் மொழியில் அதொ என்றால் தண்ணீர். அதை வைத்தே அவளுக்குப் பெயரிட்டார்கள். இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு என்று வளர்ந்தாள். பசி தெரியாமல்தான் வளர்த்தார்கள். ஆனால் எவளும் அவளை ‘என் மகள்’ என்று சொல்லிக்கொண்டதில்லை.

எங்களில் ஒருவர் செத்தால் கல்லறை வாசலில் படையல் கல் வைப்போம். அதில் வோஸ் தேவியையும் அசோரி தேவனையும் அழைத்து, இறந்தவர் பெயரைச் சொல்லி, அடுத்துப் பெற்றவள் பெயர், அதற்குப் பிறகுதான் தகப்பன் பெயர். ‘இவருக்கு நிறையத் தண்ணீர் கொடுங்கள், நிறைய ரொட்டி கொடுங்கள்’ என்று முடியும். அந்தக் கற்களைக் கொத்துவது என் தொழில். தகப்பன் பெயர் விட்டுப்போன கல் உண்டு. தாய் பெயர் இல்லாத கல்லை நான் கண்டதில்லை.

அவள் வாழ்க்கைப்பட்டது என் அடுத்த வீட்டுக்கு. புருஷன் ஷதெமி இரும்பு உலையில் துருத்தி மிதிப்பவன். வாய் திறந்து பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவன் தாய், தமேயே என்பவள், பேசுவாள்.

“தாயி பேரு என்னடின்னு கேட்டா குளத்தக் காட்டுவா. இவள எங்க புள்ள கட்டிக்கிட்டு வந்திருக்கான்!”

“குளம் வத்தினா சொல்லுங்க அத்தை, போயி அழுதுட்டு வரேன்” என்பாள் அதொயே, சோளக்கள்ளுக்கு மாவு பிசைந்துகொண்டே.

எல்லாரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். ஒரு நாள் மட்டும், நான் முற்றத்தில் கல் கொத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்ணே, என் கல்லுல அந்த எடத்துல என்ன போடுவீங்க?”

“வாழ வேண்டியவ. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?” என்றேன். அவள் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

மகள் மலெவி பிறந்து நடை பழகியபின் மறுபடியும் மழை பொய்த்தது. சமவெளிக் குளங்கள் வறண்டு வெடித்தன. மாட்டுக்காரர்கள் எலும்பும் தோலுமான மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்து விழுந்தார்கள். அவர்களில் ஒருத்தி, நதெகி என்ற கிழவி, குளத்தில் கிடைத்த பெண்ணைப் பற்றி யாரிடமோ கேட்டறிந்து, கோலூன்றி அதொயேவின் வாசலுக்கு வந்தாள்.

“நான்தான் உன்னப் பெத்தவ. அந்தப் பஞ்சத்துல ஒரு அத்தி மரத்தடியில போட்டுட்டுப் போனேன். பாலு இல்ல, தாயி. தூக்கி நடக்கத் தெம்பில்ல.”

தமேயே கத்தினாள். “நல்லாச் சொன்ன! களி வாசம் புடிச்சு வந்தவ. ஷதெமி, தொரத்துடா இவள!”

ஷதெமி மனைவியின் முகத்தைப் பார்த்தான். அதொயே கிழவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உள்ள வாங்கம்மா” என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு கிழவிகள். காலையில் எழுந்தால் சண்டை. அடுப்புக்கு யார் பக்கத்தில் உட்காருவது, குழந்தை யார் மடியில் தூங்குவது, எல்லாவற்றுக்கும். “மாட்டு மூத்திரத்துல தல கழுவுனவ” என்பாள் தமேயே. “உலைக் கரியத் தின்னு வளந்தவ” என்பாள் நதெகி. ஒருத்தி பேச்சை நிறுத்தினால் மற்றவள் கஞ்சி குடிக்காமல் காத்திருப்பாள்.

அடுத்த மழைக்கு முன்பே நதெகி படுத்துவிட்டாள். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை என்றாள். ஷதெமியும் நானும் அவளைக் கட்டிலோடு தூக்கி முற்றத்து நிழலில் வைத்தோம். அதொயே கஞ்சி கொண்டுவந்தாள். கிழவி வாயை மூடிக்கொண்டாள்.

“எம் பொண்ணுக்கு எடது கால்ல ஆறு வெரலு. மொத நாளே உன் காலப் பாத்துட்டேன். அஞ்சுதான். பசி. சொல்ல வாய் வரல.”

அதொயே கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“எனக்கும் மொத நாளே தெரியும்மா. என்ன எடுத்தது குளத்தங்கரையில. அங்க அத்தி மரமே கெடையாது.”

“பின்ன எதுக்குடி கஞ்சி ஊத்துன?”

“நீங்க புள்ளைய விட்டுட்டு வந்தவங்க. நான் யாரோ விட்டுட்டுப் போன புள்ள. இதுக்கு மேல என்னம்மா பொருத்தம் பாக்கணும்?”

கிழவி நெடுநேரம் அழுதாள். கண்ணீர் கூட அதிகம் வரவில்லை. பிறகு, “அவ செத்திருப்பாளாடி?” என்று கேட்டாள்.

“யாராச்சும் தூக்கியிருப்பாங்க. என்னத் தூக்கலியா?”

அதன்பின் கிழவி வாயைத் திறந்தாள். அதொயே ஊட்டினாள்.

கிழவி போனபோது மாட்டுக்காரர் வழக்கப்படியே, முழங்காலை மடித்து, மாட்டுத் தோலில் ஒருக்களித்துக் கிடத்திப் புதைத்தோம்; கல் வைப்பது அவர்கள் வழக்கமில்லை. ஊரிலேயே பெரிதாக அழுதவள் தமேயேதான். “சண்ட போடக்கூட ஆளில்லாமப் பண்ணிட்டுப் போயிட்டியேடி” என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

மழை திரும்பிய ஆண்டில் அதொயே என்னிடம் வந்து, தன் கல்லில் பெற்றவள் இடத்தில் நதெகி என்று கொத்தச் சொன்னாள். கல்லில் மையால் எழுதிக் கொடுக்கும் கோயில் எழுத்தரிடம் அவள் உண்மையை மறைக்கவில்லை; அவர் தயங்கினார். கெட்ட மனிதர் அல்ல; பயந்தவர்.

“தெரிஞ்சே பொய்ய எழுதினா தேவர்கள் ஏத்துக்குவாங்களாம்மா? அங்க போயி நீ தாகத்தோட நிக்கணுமே.”

“நின்னுட்டுப் போறேன் சாமி. எங்கம்மாவுக்குக் கல்லே இல்ல. அவங்க பேரு எங்கயாச்சும் இருக்கணும்.”

அவர் தூரிகையை எடுத்து எழுதினார்.

அந்தக் கல் பல காலம் என் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. தமேயே போன பிறகு, ஆற்றில் வெள்ளம் வடிந்த காலத்துக் காய்ச்சலில் அதொயேவும் போய்ச் சேர்ந்தாள். தலை நரைக்கவில்லை. ஷதெமி கல்லைத் தானே தோளில் சுமந்து வந்தான்.

மலெவிதான் இப்போது அந்தக் கல்லில் தண்ணீர் ஊற்றுகிறாள். ஊற்றும்போது பெயர்களை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது முறை. அதொயே, நதெகி பெற்ற மகள் என்று அவள் சொல்வது என் முற்றம் வரை கேட்கும்.