செருப்பை எடுத்து உள்ளே வைத்த காட்சி

சரசக்கா போய்விட்டார் என்ற செய்தி பிற்பகல் மூன்று மணிக்கு, லாக்கர் அறையில், என் கைப்பேசிக்கு வந்தது. அவர் மகள் கவிதா அனுப்பியிருந்தாள். காலை ஷிப்டு வெளியேறி மாலை ஷிப்டு உள்ளே போகும் அந்தப் பத்து நிமிடம்தான் எங்கள் இருவருக்கும் உரிய நேரமாக இருந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

ஜுரு தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஒரு வாரம் அக்கா காலை ஷிப்டு, நான் மாலை. அடுத்த வாரம் மாறும். இரவு ஒன்பது மணி நாடகத்தை யாராவது ஒருத்திதான் பார்க்க முடியும். பார்த்தவள் மறுநாள் மூன்று மணிக்குப் பார்க்காதவளுக்குக் கதை சொல்ல வேண்டும். "மெஷின் ஹேண்ட்ஓவர் அப்புறம் ஆகட்டும். நாடக ஹேண்ட்ஓவர் குடு மொதல்ல" என்பார் அக்கா, கையுறையைக்கூட மாட்டி முடிக்காமல்.

டிசம்பர் கடைசி வாரம் பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அந்த ஆண்டின் சிறந்த பத்து நிகழ்ச்சிகளை எழுதித் தன் லாக்கர் கதவில் ஒட்டுவார். மறுஒளிபரப்புக்கு இடமில்லை. அழுகை அதிகமான நாடகத்துக்கு இரண்டு இடம் கீழே. சமையல் நிகழ்ச்சியை ஒன்பதாவதாகப் போட்டதற்கு ஓர் ஆண்டு கேன்டீனில் பெரிய சண்டையே நடந்தது. "எனக்குப் புடிச்சது எனக்குலா. ஒனக்கு வேணும்னா ஒன் கதவுல ஒட்டிக்க" என்று ஒரே போடாகப் போட்டார்.

அந்தப் பட்டியலில் தொடர்ந்து முதலிடத்தில் இருந்த 'அப்பா நாடகம்' உங்களுக்கு நினைவிருக்கும். விரும்பியவனைக் கட்டிக்கொண்டதற்காக மகளைத் துரத்திவிட்ட அப்பாவின் கதை. நாடகத்துக்கு வேறு பெயர் இருந்தது. எங்களுக்கு அது அப்பா நாடகம்தான். சரசக்காவையும் அவர் அப்பா அதே காரணத்துக்காகப் பாகான் டாலாம் வீட்டிலிருந்து துரத்தியிருந்தார். முப்பது ஆண்டுகள் பேச்சில்லை. மாப்பிள்ளை இறந்தபோதுகூட அவர் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

மகள் வீடு திரும்பும் அத்தியாயம் என் முறையில் வந்தது. அன்று நான் சோபாவிலேயே தூங்கிப்போனேன். மறுநாள் மூன்று மணிக்கு அக்கா ஆவலோடு நிற்கிறார். தூங்கிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மகள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாள், மழை பெய்கிறது, அப்பா வெளியே வருகிறார், ஒரு வார்த்தை பேசவில்லை, குனிந்து அவளுடைய நனைந்த செருப்பை எடுத்து உள்ளே தன் செருப்புக்குப் பக்கத்தில் வைக்கிறார்.

அக்கா கையுறையோடு வாயைப் பொத்திக்கொண்டார். "பேசவே இல்லையா?" "இல்லக்கா." "எங்கப்பாவும் அப்படித்தான்டி. பேச மாட்டாரு."

அன்றிரவு வந்த முன்கதைச் சுருக்கத்தில் பார்த்தேன். அப்பன் கதவைத் திறக்கவே இல்லை. அடுத்த வாரம் அக்காவே நாடகம் பார்த்துவிட்டு வந்து, "செருப்ப எடுத்து வச்ச மனுசனா இப்படி எரிஞ்சி விழுறான்?" என்று கேட்டார். "பாசத்த வெளிய காட்டிக்க மாட்டான்கா" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

இரண்டு வாரம் கழித்து, "விமலா, ஞாயித்துக்கெழம என்கூட வா, அப்பாவ பாத்துட்டு வந்துருவோம்" என்றார். அக்கா குடியிருந்த தீவிலிருந்து அக்கரைக்கு ஃபெரியில் போகும்போது அவர் முகத்தில் இருந்த பரபரப்பைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பாவி நான். வீட்டு வாசலில் அக்கா செருப்பைக் கழற்றி ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "அப்பா, சரசு வந்திருக்கேன்." உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் குரல் கேட்டதும் டிவி சத்தம் கூடியது. அவ்வளவுதான். அரைமணி நேரம் நின்றோம். மழைகூட வந்தது. அக்கா நனைந்த செருப்பையே மாட்டிக்கொண்டு திரும்பினார்.

திரும்பும் ஃபெரியில், நான் உண்மையைச் சொல்லிவிடுவதென்று, "அக்கா, அந்த சீன்..." என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு லா. நம்ம வீட்ல நடக்கல. டிவியிலயாச்சும் நடந்துச்சே. அது போதும்."

மறு ஆண்டு அவர் அப்பா இறந்தார். அண்ணன்மார் தகவல் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்தபின் கேள்விப்பட்டார். அதே ஆண்டு அந்த நாடகத்தை மறுஒளிபரப்பு செய்தார்கள். அக்கா லீவு போட்டு, தன் ஆயர் ஈத்தாம் வீட்டில் டிவி முன்னால் காத்திருந்திருக்கிறார். மறுநாள் லாக்கர் அறையில் அவர் குரலே வேறாக இருந்தது. "அந்த சீன் வரலையேடி." "வெட்டியிருப்பாங்கக்கா. வெளம்பரத்துக்கு நேரம் வேணும்ல" என்றேன். அக்கா தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார். அப்படி ஒரு காட்சியே இல்லை என்று அங்கே இருந்த பெண் சொன்னாளாம். "சின்னப் பொண்ணு, அவளுக்கு என்னா தெரியும்" என்றார். என்னை நம்பினார். அந்த நாடகம் எந்த ஆப்பிலும் கிடைக்காததற்காக நான் ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். மறுஒளிபரப்புக்கு இடமில்லை என்ற தன் சட்டத்தையே உடைத்து, அன்று முதல் ஒவ்வோர் ஆண்டும் அதையே முதலிடத்தில் எழுதினார்.

பிறகு சிறுநீரகம் கெட்டு, வேலையை விட்டு, டயாலிசிஸ் என்று அலைந்தார். பார்க்கப் போகும்போதெல்லாம் இன்று சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே போவேன். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, நாடகக் கதை பேசிவிட்டுத் திரும்புவேன். சொல்லாமல் இருந்தது அவருக்காகவா, எனக்காகவா என்று இப்போதும் தெரியவில்லை. எனக்காகத்தான் இருக்கும்.

எட்டாம் நாள் காரியத்துக்குப் போனபோது கவிதா என்னிடம் ஒரு நாள்காட்டித் தாளைக் கொடுத்தாள். "அம்மா ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க ஆன்ட்டி." ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டிருந்தது. முதல் எண்ணுக்கு நேராக மட்டும் எழுதியிருந்தார்: 'அப்பா நாடகம். வெட்டிய சீனை என்றைக்காவது போடுவார்கள். விமலா பார்த்து வைக்கவும்.'

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தாள். என் லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். மூன்று மணிக்குக் கதவைத் திறக்கும்போதெல்லாம் படிக்கிறேன். அந்தச் செருப்பை யாரும் எடுத்து வைக்கவில்லை, அக்கா. பாகான் டாலாமிலும் இல்லை, டிவியிலும் இல்லை.