இரண்டு முக்குளிப்புக்கு நடுவே

அறுபது நிமிடம். இதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பதினெட்டு மீட்டர் ஆழம் போய் வந்த உடம்பு, மறுபடி தண்ணீரில் இறங்குமுன் படகில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் அது. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மூச்சோடு மூச்சாக வெளியே போக வேண்டும். அவசரப்படுத்தினால் உள்ளேயே குமிழ் கட்டிவிடும். மூட்டில் கட்டினால் வலி. முதுகுத்தண்டில் கட்டினால் நடை போய்விடும்.

இந்த அறுபதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்கு நிமிஷக்கா என்று பெயர் விழுந்தது. சொந்தப் பெயரைச் சொன்னால் துறைமுகத்தில் யாருக்கும் தெரியாது. சுற்றுலாக் கப்பலில் வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது பதினோரு வருடமாக அவள் வேலை. படகு ஓட்டுவது அவள் கொழுந்தன். கடை என்பது ஒரே ஒரு அறை. ஒரு சுவரில் முக்குளிப்பு உடைகள் ஈரமாகத் தொங்கும், மறு சுவரில் காற்றுச் சிலிண்டர்கள் நிற்கும், நடுவில் உப்பைக் கழுவுகிற பிளாஸ்டிக் தொட்டி.

"எங்க அண்ணி முட்டை வேக வைக்கவும் ஸ்டாப்வாட்ச் கேப்பாங்க," என்று கொழுந்தன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான்.

"உன்ன மாதிரி ஆளுக்கு ரெண்டு ஸ்டாப்வாட்ச் வேணும்டா," என்பாள் அவள்.

கப்பல் காலை எட்டு மணிக்கு வரும். மதியம் மூன்றுக்குக் கிளம்பும். இரண்டு மணிக்கெல்லாம் எல்லோரும் ஏறிவிட வேண்டும். அதற்குள் இரண்டு முக்குளிப்பு என்று கப்பல் கம்பெனி படம் போட்டு விற்றுவிட்டது. கப்பல் தாமதமாக வரலாம், அதைக் கேட்க ஆளில்லை. தாமதமாகக் கிளம்பாது. அப்படியென்றால் போன நேரத்தை எங்கிருந்து எடுப்பது? படகை வேகமாக ஓட்டினால் டீசல் தின்கிறது. ஒரு முக்குளிப்பைக் குறைத்தால் புகார் எழுதுகிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் கை வைத்தால்தான் யாருக்கும் தெரியாது.

மூன்று சீசனுக்கு முன் அவள் ஐந்து நிமிடம் குறைத்தாள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை பத்து, அப்புறம் பதினைந்து. அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. தூக்கமும் வரத் தொடங்கிவிட்டது. ஒன்றும் ஆகாததுதான் அவளைக் கெடுத்தது. பதிவேட்டில் மட்டும் எப்போதும் அறுபது என்றே எழுதினாள்.

இந்த சீசனில் ஒரு நாள் கப்பல் ஒன்றே கால் மணி நேரம் தாமதம். ஐந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவர் அப்போதுதான் ஓய்வு பெற்ற டீச்சர். பட்டனெல்லாம் போட்ட சட்டை, கண்ணாடிக்குக் கயிறு. கைக்கடிகாரம் நனைந்து போகும் என்று நிமிஷக்காதான் வாங்கிப் பையில் வைத்தாள்.

முதல் முக்குளிப்பு முடிந்து மேலே வந்ததும் டீச்சர் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தார். நிமிஷக்கா மீன் கதை சொன்னாள், கொழுந்தனைக் கிண்டல் செய்தாள், எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தாள். நேரம் போனது தெரியாமல் செய்கிற வித்தை அவளுக்குக் கைவந்தது. நேரம் போகவில்லை என்பது தெரியாமலும் செய்வாள்.

"ஒரு மணி நேரம் ஆயிடுச்சாம்மா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஆயிடுச்சு டீச்சர். வாங்க."

அந்த 'வாங்க' இன்னும் அவள் வாயில் கசக்கிறது.

எல்லோரையும் கப்பலில் ஏற்றிவிட்டு அவள் தொட்டியில் உடைகளை அலசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கப்பல் நர்ஸ்.

"மேடம், உங்ககூட வந்த டீச்சருக்கு வலது தோள் வலிக்குது. விரல் லேசா மரத்த மாதிரி இருக்காம். சிலிண்டர் தூக்கினதால இருக்கும்னு அவங்களே சொல்றாங்க. டாக்டருக்கும் தசைப்பிடிப்போன்னு ஒரு யோசனை. ரெண்டு முக்குளிப்புக்கும் நடுவுல எவ்வளவு நேரம் விட்டீங்கன்னு பதிவேட்டப் பாத்துச் சொல்லுங்க. சரியா விட்டிருந்தா இங்கயே வெச்சுப் பாத்துக்குவோம். குறைவுன்னா இப்பவே இறக்கி, ஆஸ்பத்திரியில குமிழக் கரைக்கிற அழுத்த அறைக்கு அனுப்பணும். அரை மணில கிளம்பறோம். அப்புறம் ரெண்டு நாள் கரையே கிடையாது."

"பாத்துட்டுக் கூப்பிடறேன்," என்று வைத்தாள். பார்க்க என்ன இருக்கிறது? அறுபது என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது.

கொழுந்தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"எழுதினத அப்படியே சொல்லிடுங்க அண்ணி. உண்மை தெரிஞ்சா கப்பல்காரன் நாளைக்கே நம்மளக் கழட்டி விட்டுடுவான். படகும் போச்சு, கடையும் போச்சு. அந்தம்மாவே சிலிண்டர் தூக்கினதுன்னு சொல்றாங்கல்ல?"

"ஏன் அப்படிச் சொல்றாங்க தெரியுமா? ஒரு மணி நேரம் உக்காந்தோம்னு நம்பறாங்க. நான் சொன்னேன்னு நம்பறாங்க."

"கப்பல் லேட்டா வந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"கப்பல்காரனக் கேக்க வேண்டியத நானே போய்க் கேக்கறேன். ஆனா பொய் சொல்லச் சொல்லி அவன் எங்கிட்ட கேக்கலடா. அது நானா சொன்னது."

அவன் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு பிள்ளைகளின் அப்பா. அவன் முகத்தைப் பார்த்தால் பேச முடியாது என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று போன் போட்டாள். கை ஈரத்தில் போன் இரண்டு முறை வழுக்கியது.

"சொல்லுங்க மேடம், அறுபதுதானே?"

"இல்லம்மா. பதிவேட்டுல இருக்கறது பொய். நான் எழுதின பொய். டீச்சர இறக்குங்க. அவங்க வேணாம்னு சொன்னாலும் இறக்குங்க. படகுத்துறையில நான் நிக்கறேன்."

அந்தப் பக்கம் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"டாக்டருக்குச் சரியான கணக்கு வேணும் மேடம். எத்தனை நிமிஷம்?"

"இருபத்தாறு."