மகள் பூட்டிய இன்ஜின்

எனக்கு இயந்திரம் என்றாலே பயம். ஜலகண்டாபுரத்தில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தறியாவது பரவாயில்லை, சுவரில் இருக்கிற சுவிட்சைத் தட்டினால் நின்றுவிடும். டீசல் இன்ஜின் அப்படி இல்லை, ஒருமுறை கிளம்பிவிட்டால் கரண்ட் இல்லாமலேயே அது பாட்டுக்கு ஓடும் என்று கல்யாணமாகி நாமக்கல் பக்கம் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று முதல் அதன் கிட்டே போவதில்லை. என் வீட்டுக்காரர் இதைச் சொல்லியே சொந்தக்காரர்கள் மத்தியில் என் மானத்தை வாங்குவார்.

அவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் பாதி ஆயுளைக் கழித்தவர். எங்கள் பக்கத்து ஆண்கள் பலரைப் போல வடநாடு முழுக்கச் சுற்றிவிட்டு, முதுகுவலியோடு ஊர் திரும்பி, இருக்கிற தோப்பைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்தார். தென்னை வரிசைக்கு நடுவே மஞ்சள் போடுகிறோம். பெரிய டிராக்டர் அந்த இடுக்கில் நுழையாது என்று ஒரு மினி டிராக்டர் வாங்கினார். வாங்கிய இடத்தில் இருந்தவர் ஒரே வார்த்தையில் அவரைக் கவிழ்த்துவிட்டார்: "ஜப்பான் இன்ஜினுங்க." பக்கவாட்டில் அப்படி ஒரு ஸ்டிக்கரும் இருந்தது. அதற்கப்புறம் டீக்கடை, ரேஷன் கடை, துக்க வீடு, எங்கே போனாலும் ஜப்பான் பேச்சுதான். எனக்கே எரிச்சலாக வரும்.

எங்கள் மகள் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். வடக்கே ஒரு தொழிற்பேட்டையில் இன்ஜின் செய்யும் கம்பெனியில் ஒப்பந்த வேலை கிடைத்து, அங்கேயே விடுதியில் இருக்கிறாள். லைன் முழுக்கப் பெண்பிள்ளைகள், பாதிப் பேர் காடு தோட்டம் என்று விவசாயம் செய்கிற வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லியிருக்கிறாள். இந்தப் பொங்கலுக்கு வந்தபோதுதான் எங்கள் டிராக்டரை முதல்முதலாகப் பார்த்தாள். பானட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"அப்பா, இது எங்க இன்ஜினுங்ப்பா."

"உங்க இன்ஜினா? ஜப்பான்னு போட்டிருக்குது பாரு."

"ஜப்பான்காரங்க எந்தக் காலத்துலயோ படம் வரஞ்சு குடுத்தாங்க, அத்தோட சரி. இரும்பு வார்ப்பு கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வருது. டீசல் பம்பு வேற ஸ்டேட்டுல இருந்து வருது. அல்லாத்தையும் ஒண்ணு சேத்துப் பூட்டறது நாங்க. அங்கிருந்து மூணு டிராக்டர் கம்பெனிக்குப் போவுது. அவங்க அவங்க பெயிண்ட் அடிச்சு, அவங்க அவங்க பேர ஒட்டிக்கறாங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. பெருமைப்படுவார் என்று நினைத்தேன். எங்கேயோ இருக்கிற ஜப்பான்காரன் செய்தது என்றால் தலைமேல் வைத்துக்கொள்கிற மனுஷன், தான் பெற்ற பெண் செய்தது என்றதும் டயரை உதைத்துப் பார்க்கிறார். எனக்குக் கோபம் வந்தது, அதோடு பயமும் வந்தது. அவள் கை பட்டது என்றால் அதில் என்ன நடந்தாலும் அவளுக்கும் சேர்த்து நடந்த மாதிரிதானே.

இன்ஜின் தலையில் ஒரு வட்ட மூடியைக் காட்டி, அதற்குள் மெல்லிய ரப்பர் ஒன்று இருக்கிறது, அதை வைப்பதுதான் தன் வேலை என்றாள். எண்ணெய் ஆவி காற்றுக் குழாய்க்குள் போகாமல் அது தடுக்குமாம். கிழிந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். பயந்தவளுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

"இன்ஜின் தன்ற எண்ணெயவே உறிஞ்சிக் குடிச்சு ஓடும்மா. டீசல நிறுத்துனாலும் நிக்காது."

"அப்பறம் எப்படித்தான் நிக்கும்?"

"மூச்ச அடைக்கோணும். இதா, இங்கதான் காத்து இழுக்குது." முன் விளக்குக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குழாயின் வாயைக் காட்டினாள். "ஆனா அப்படியெல்லாம் ஆகாது, பயப்படாத."

பிறகு எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினாள். எண்ணெய் கோட்டுக்கு மேலே நின்றது. ரிக் வண்டிக்காரர்களின் வழக்கம் அது. ராவும் பகலும் ஓடுகிற இன்ஜின் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதால், எப்போதும் கோட்டுக்கு மேலே ஒரு விரல் சேர்த்து ஊற்றுவார்கள். இந்தச் சின்ன இன்ஜினுக்கு அப்படி ஊற்றினால் அதுவும் மேலேறிப் போய் அதே வம்பில் கொண்டு விடும் என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ரிக்கு ஓட்டுனவனுக்கு நீ எண்ணெய் ஊத்தச் சொல்லித் தரயா சாமி?" என்று முனகிக்கொண்டேதான் அடித் திருகைக் கழற்றி, கோடு வரைக்கும் வடித்தார். அவள் வேலைக்குத் திரும்பிப் போன பிறகும் கோட்டைத் தாண்டாமலே ஊற்றினார். ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும் முன்பும் கம்பியை என் மூக்குக்கு நேராக நீட்டி, "கோட்டுலதான் இருக்குது, உன்ற புள்ளைகிட்டச் சொல்லீரு" என்று குத்திக்காட்டுவார். நானும் பார்ப்பேன்.

மஞ்சள் வெட்டி முடித்து, நிலத்தை ரொட்டவேட்டர் என்கிற சுழல் கலப்பையை மாட்டி உழுத அன்றும் பார்த்தேன். எண்ணெய் கோட்டில்தான் இருந்தது.

நான் மஞ்சள் கட்டுவதற்கான பழைய சாக்குகளைத் தொட்டியில் ஊறப்போட்டு அலசிக்கொண்டிருந்தேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் எங்கள் கிணறு. எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டையே தூக்கி உள்ளே வைக்கலாம், சுற்றுச்சுவர் கிடையாது, கோடையில் அடியில் வெறும் பாறைதான் தெரியும். அவர் வரிசை முடியும் இடத்துக்கு வந்து, திருப்புவதற்காகக் கிளட்சை மிதித்தார். அப்போது சத்தம் மாறியது.

முதலில் அவர்தான் வேகத்தைக் கூட்டுகிறார் என்று நினைத்தேன். சத்தம் ஏறிக்கொண்டே போனது. புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை கொட்டி, தென்னை மட்டை வரைக்கும் மறைத்துவிட்டது. புகைக்குள் அவர் நிறுத்துகிற குமிழைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. இழுத்தார், இன்னொரு தடவை இழுத்தார், கடைசியில் குமிழ் கையோடு வந்துவிட்டது. இன்ஜின் நிற்கவில்லை.

முன் சக்கரங்கள் கிணற்று விளிம்புக்குக் கிட்டே நின்றன. கியர் விழுந்தபடியே சிக்கிக்கொண்டது, லீவர் நியூட்ரலுக்கு வரவில்லை. ஒரு காலில் கிளட்சையும் மறு காலில் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு அவர் சீட்டிலிருந்து எழுந்த மாதிரி நின்றார். கிளட்சை விட்டால் அந்த வேகத்துக்கு வண்டி பாய்ந்துவிடும். குதித்தாலும் கால் எடுபட்டுவிடும், முன்னால் கிணறு, பின்னால் சுழலும் கத்திகள்.

"கிட்ட வராத புள்ள. அக்கட்டால போ."

நான் என்ன செய்தேன் தெரியுமா, இடுப்பிலிருந்த போனை எடுத்து மகளைக் கூப்பிட்டேன். புருஷன் கிணற்று விளிம்பில் நிற்கிறார், நான் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் அங்கே போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், அது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை அடித்தேன். அதற்குள் அவருடைய இடது கால் நடுங்கத் தொடங்கியிருந்தது. முட்டியிலிருந்து கணுக்கால் வரை அது துள்ளுவதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். வண்டி ஒரு சாண் முன்னால் எக்கி, மறுபடி நின்றது.

போனை எங்கே போட்டேன் என்று நினைவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட ஒரு சாக்கை உருவிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது பெருமைக்கு, வாய்விட்டு அழுதுகொண்டே போனேன். வெக்கை என்று அவர் பானட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அந்தக் கறுப்பு வாய் தெரிந்தது. பக்கத்தில் நின்றபோது என் பல்லெல்லாம் அதிர்ந்தது. இரும்பு வெடித்து என் முகத்தில்தான் அடிக்கப்போகிறது என்று உறுதியாக நினைத்தேன், நினைத்துக்கொண்டேதான் சாக்கை மடித்து அதன்மேல் வைத்து அழுத்தினேன். சாக்கை அது என் கையோடு சேர்த்து உள்ளே இழுத்தது. நான் விடவில்லை. இரண்டு கையாலும் அமுக்கி, வயிற்றையும் கொடுத்து அழுத்தினேன். வண்டி மொத்தமும் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

பிறகு வந்த அமைதியில் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அவர் அப்படியே மிதித்துக்கொண்டு நின்றார்.

"எறங்குங்க," என்றேன்.

"கால எடுக்க முடியல புள்ள."

நான்தான் அவருடைய பாதத்தைப் பிடித்து, ஒவ்வொன்றாகப் பெடலிலிருந்து எடுத்துவிட்டேன். கீழே இறங்கியவர் அந்த மண்ணிலேயே உட்கார்ந்தார். ஜப்பான் டிராக்டர் வாங்கின மூஞ்சியைப் பார் என்று தொடங்கி, வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினேன். அவர் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை, அதனால் நானும் நிறுத்திவிட்டேன்.

ஷிப்டு முடிந்து, நான் கூப்பிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு மகள் சாயங்காலம் கூப்பிட்டாள். கம்பெனி பஸ்ஸில் இருந்தாள். நடந்ததை நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். முதலில், "அப்பாவுக்கு ஒண்ணுமில்லையே" என்றாள். அடுத்து, "இன்ஜின் நம்பரப் படிச்சுச் சொல்லும்மா. அந்த ரப்பரு நான் வெச்சதான்னு பாக்கோணும்," என்றாள்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அவர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"ரப்பரும் இல்ல, ஒண்ணும் இல்ல சாமி. நான்தான் பழய பழக்கத்துல எண்ணெய மேல ஊத்தீட்டேன். தப்பு என்ற மேலதான். உங்க இன்ஜின் சுத்தமான இன்ஜினு. நீ போய்ச் சாப்பிட்டுட்டுத் தூங்கு."

அவர் பொய் சொல்கிறார். காலையில் கம்பியை என் மூக்குக்கு நேராக நீட்டியவர் அவர்தான். அவளும் நம்பிவிடுவாள், ஏனென்றால் ரிக் வண்டிக்காரர் எண்ணெய் அதிகமாக ஊற்றினார் என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அவள் மனசு நோகக் கூடாது, அவள் வேலைக்கு எதுவும் வந்துவிடக் கூடாது. எனக்கும் அதுதான் ஆசை. ஒப்பந்தக்காரப் பெண், குறை சொன்னால் நாளைக்கே பையைக் கட்டச் சொல்லிவிட முடியும். ஆனால் எண்ணெய் சரியாக இருந்து இப்படி ஆயிற்றென்றால் குறை உள்ளே இருக்கிறது. இவர் சொன்ன பொய்க்காகவே அடுத்த வாரம் இவர் மறுபடி அதில் ஏறி உட்காருவார். போனை வாங்கிக்கொண்டேன்.

"அப்பா சும்மா சொல்றாரு சாமி. எண்ணெய் கோட்டுலதான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய், அந்த நம்பரை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். "காலைல போனதும் கம்பெனில சொல்லீர்றம்மா. அப்பாவ ஏற விடாத" என்று வைத்துவிட்டாள்.

"புள்ள பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டயே" என்றார் அவர். வண்டிச் சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு படுத்தேன். தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவள் சாயங்காலம்தான் கூப்பிட முடியும் என்று தெரியும். இருந்தும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்கு முன்னாலேயே அது அடித்தது. வேலை நேரத்தில் அவளுடைய போன் வருகிறதென்றால் வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். எடுக்கவே கை வரவில்லை. அவர்தான் பக்கத்தில் வந்து, "எடு" என்றார்.

"வேலை போயிருச்சா சாமி?"

"இல்லீங்மா. லைன நிறுத்தி வெச்சிருக்காங்க. நம்ம இன்ஜின்ல வெச்ச ரப்பரோட சேந்து வந்தது மொத்தத்தையும் பிரிச்சுப் பாக்கறாங்க, எல்லாத்துலயும் ஓரத்துல வெடிப்பு இருக்குதாம். ஆரு வண்டின்னு கேட்டாங்க. எங்கப்பா வண்டின்னு சொன்னேன். அவ்வளவுதான், பக்கத்துல நின்ன புள்ளைக அல்லாம் லாக்கருக்கு ஓடிருச்சுக. அதுக ஊட்லயும் இந்த இன்ஜின் போட்ட வண்டிதான் நிக்குது."

அப்போதுதான் அவள் குரலுக்குப் பின்னால் இருந்த இரைச்சல் எனக்குப் புரிந்தது. தர்மபுரிப் பேச்சு, விழுப்புரம் பேச்சு, எங்கள் பேச்சு, எத்தனையோ பெண்பிள்ளைகள் ஒரே நேரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டியை எடுக்காதீங்க, கீழே இறங்கச் சொல்லு, சாவியை வாங்கி வை. அவளுக்கு மிகக் கிட்டே ஒருத்தி நின்றிருக்க வேண்டும். அந்தப் பெண் தன் வீட்டுக்குப் போட்டுக் கேட்டது மட்டும் திரும்பத் திரும்பத் தெளிவாகக் காதில் விழுந்தது.

"அப்பா காட்டுக்குப் போயி எவ்ளோ நேரமாச்சும்மா? ஏன் போன எடுக்க மாட்டேங்கறாரு?"