டீக்கடையில் ஒளித்துவைத்த பென்டிரைவ்

தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒருவர் செல்போன் கடை வைத்திருந்தார். புதுப்படம் ஏற்றித் தருவார். ஒடிசலான உடம்பு. எந்தப் பென்டிரைவையும் சட்டையில் துடைத்த பிறகே கம்ப்யூட்டரில் செருகுவார்.

நானோ சினிமா தயாரிப்பாளர் சங்கத்தில் டைப்பிஸ்ட். திருட்டுப் படத்துக்குச் சிறைத்தண்டனையைக் கூட்டச் சொல்லி அரசுக்குப் போன மனுவை அடித்தவன் நான்தான். சங்கம் கேட்டபடியே சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் அவரிடம்தான் படம் வாங்கினேன்.

ரெய்டில் பிடிபட்டு ஜாமீனில் வந்தவர், என்னைப் பார்த்ததும், படம் ஏற்ற நான் கொடுத்திருந்த பென்டிரைவை எடுத்துச் சட்டையில் துடைத்து நீட்டினார்.

“போலீஸ் வந்தப்போ டீக்கடையில குடுத்து வெச்சேன் சார். ஆபீஸ் போறவரு, உங்களுக்கு இன்னாத்துக்கு பேஜாரு?”

பிறகு மெதுவாகக் கேட்டார். “எத்தினி வருஷம் போடுவாங்க சார்?”

“தெரியலையே” என்றேன். மனுவில் அந்த எண்ணை அடித்த விரல்களால்தான் பென்டிரைவை வாங்கிக்கொண்டேன்.