எஞ்சினை அணைக்கக் கூடாத சனிக்கிழமை

லிஃப்ட்காரரின் வேலையில் வழி தவறுவதற்கு இடமே இல்லை. மேலே போகலாம், கீழே வரலாம், அவ்வளவுதான். ஊரில் பாதி உயரக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கருவிப் பெட்டியோடு படியேறி, மொட்டைமாடி இயந்திர அறையின் சூட்டில் குந்தி, கோளாறைச் சரிசெய்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்குவார். பேச்சு எப்போதுமே குறைவு. விவாகரத்துக்குப் பிறகு அதுவும் தேய்ந்துவிட்டது. "அழுது கொட்டிடுடா, மனசு லேசாகும்" என்று அக்கா போனில் சொன்னபோது, "நேரம் கிடைக்கலக்கா" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தரையில் ஓடும் சாலைகள்தான் அவருக்குப் பிடிபடாது. அதனாலேயே, வழிகாட்டும் திரை டாஷ்போர்டிலேயே பதித்து வந்த அந்தக் காரை மனைவி பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். பாப்பா அப்போது வயிற்றில். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போன கார் அது. இப்போது பாப்பாவுக்கு எட்டு வயது. திரைக்குள் இருக்கும் ஊர் மட்டும் கார் வாங்கிய வருடத்திலேயே நின்றுவிட்டது. இடித்துப்போட்ட பாலத்தில் ஏறச் சொல்லும். ஒருவழியாக்கிய தெருவில் எதிர்த்து நுழையச் சொல்லும். கேட்காமல் போனால், "வாய்ப்பு கிடைக்கும்போது திரும்பவும்" என்று அந்தப் பெண்குரல் கூடவே புலம்பிக்கொண்டு வரும்.

"உன் காருக்கு மறதி இல்லப்பா, ஞாபகம்தான் ஜாஸ்தி" என்பார் அலுவலகத்தில் உதிரிபாகங்களைக் கவனிக்கும் ஸ்டோர்காரர். "பேசாம போன்ல பாத்துப் போயேன்யா. உலகமே அப்படித்தான் போகுது."

போனில் பார்த்தும் ஒருமுறை போனார். நட்டநடு வழியில், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட யாரோ ஒருவர் அழைத்துவிட்டார். வரைபடம் மறைந்து அவர் அலறல் வந்தது. அவரைச் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் திரும்ப வேண்டிய இடம் எங்கேயோ போய்விட்டது. அன்றைக்கும் தாமதம்தான்.

தாமதம் ஆகக் கூடாத இடம் ஒன்றே ஒன்று. பாப்பாவின் அம்மா இப்போது இருப்பது ஊரின் ஓரத்தில் புதிதாக முளைத்த குடியிருப்பில். அச்சில் வார்த்தது போன்ற வீடுகள், எங்கே பார்த்தாலும் அதே வளைவுகள், அதே உயரத்தில் மரக்கன்றுகள். கார்த் திரையில் அந்த இடம் வெறும் பச்சை. நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் காரைக் காட்டும் அம்பு அந்தப் பச்சைக்குள் தன்னந்தனியாக ஊர்ந்துகொண்டிருக்கும். குரல்கூட அடங்கிப்போகும்.

"அப்பா, உங்க கார்ல எங்க வீடே இல்ல" என்று பாப்பா ஒருநாள் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. பார்த்தாள், சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு போய் மாலை ஆறு மணிக்குள் வீட்டில் விட வேண்டும் என்பது ஏற்பாடு. விடும்போது கதவு திறக்கும். அந்தக் கதவுக்காகத்தான் அவர் வாரம் முழுக்கப் படியேறி இறங்குகிறார் என்று சொன்னாலும் தப்பில்லை. உள்ளே யாரும் கூப்பிடுவதில்லை. அவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், நாற்காலியில் தொங்கும் பள்ளிப் பை தெரியும். காய வைத்த நீச்சல் துணி தெரியும். சுவரில் புதிதாக ஒட்டிய படம் தெரியும். ஒருமுறை பாப்பா விழுந்த தன் பல்லை ஒரு கிண்ணத்தில் போட்டு எடுத்துவந்து காட்டினாள். அவள் அவர் இல்லாமல் எப்படி வாழ்கிறாள் என்பது அந்த வாசலில் நின்றால்தான் தெரியும்.

அந்த வாசலுக்குத்தான் இப்போது ஆபத்து. மூன்றாவது முறை தாமதமானபோது பாப்பாவின் அம்மா போன் செய்தாள். முன்பெல்லாம் "என்னங்க" என்று தொடங்குவாள். இப்போது எதைச் சொல்லியும் கூப்பிடுவதில்லை, பேச்சு நடுவிலிருந்தே தொடங்குகிறது. மரியாதை மட்டும் மிச்சம்.

"நான் எத்தனை தடவைதான் ஜன்னலண்ட நிக்கிறது? எங்க இருக்கீங்கன்னு கேட்டா பச்சையில இருக்கேங்கிறீங்க. இன்னொரு தடவை லேட்டானா வீட்டுக்கு வர வேண்டாம். நடுவுல எங்கயாவது பொது எடத்துல வச்சுக்கலாம்."

"சரி."

"சரின்னா என்ன சரி?"

"லேட்டாகாது."

மறுநாளே வரைபடத்தைப் புதுப்பிப்பது என்று முடிவு செய்தார். கார் கம்பெனியின் இணையதளம் அவரைப் பலநாள் அலைக்கழித்தது. ஸ்டோர்காரர்தான் தன் கணினியில் இறக்கிக் கொடுத்தார். முதலில் போட்ட பென்டிரைவைக் கார் "அறிமுகமில்லாத சாதனம்" என்று தள்ளிவிட்டது. "பொண்ணு பாக்கப் போன எடத்துலகூட எனக்கு இப்படி ஒரு பதில் வரல" என்று ஸ்டோர்காரர் வேறொன்றில் ஏற்றித் தந்தார். அதைக் கார் ஏற்றுக்கொண்டது. ஆனால் வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் ஒரு நிபந்தனை சொன்னாள்.

"எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கணும் சார். நடுவுல ஆஃப் பண்ணீங்கன்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"அது வண்டியைப் பொறுத்தது சார்."

அவர் வீட்டுக் கார் நிறுத்துமிடம் நிலவறையில். எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினார். "சார், எல்லாரையும் புகை போட்டுக் கொல்லப் பாக்கறீங்களா?" ஆகவே சனிக்கிழமை என்று ஆயிற்று. எப்படியும் ஓட்டத்தான் போகிறோம், ஓட்டம் முடிவதற்குள் வேலையும் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

காலையில் பென்டிரைவைச் செருகிவிட்டு வெகு சீக்கிரமே கிளம்பினார். திரையில் வரைபடம் போய், எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் ஒரு நீலக்கோடு வந்தது. பழைய பச்சைகூட இல்லாமல், தேடித் தடவி, சொன்ன நேரத்துக்கே பாப்பாவை ஏற்றிக்கொண்டார். கோடு அப்போது கால்வாசிகூட வளரவில்லை. சக்கரக் காலணி போட்டுச் சறுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அங்கே வண்டியை நிறுத்தினால் அணைக்க வேண்டும். அந்தக் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தார்.

"எப்போப்பா இறங்கலாம்?"

"இது முடியட்டும்டா."

"முடிஞ்சா என்ன வரும்?"

"உன் வீடு வரும்."

"எனக்குத்தான் வழி தெரியுமே."

அவர் காரிலிருந்தபடியே வாங்கும் கடையில் ரொட்டியும் பழச்சாறும் வாங்கிக் கொடுத்தார். பாப்பா முதலில் கோடு வளர்வதைப் பாட்டாகப் பாடினாள். பிறகு சீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டாள். ஒரே சாலையில் போனார், வந்தார். சறுக்கப் போகவில்லையே என்று அவள் அழுதிருந்தாலாவது நிறுத்தியிருப்பாரோ என்னவோ. அவள் அழவில்லை. கைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கோடு வளர்ந்தது, அதுதான் தெரிந்தது.

கோடு நுனியை நெருங்கும்போது பெட்ரோல் விளக்கு எரிந்தது. பங்க்கில் நுழைந்து கண்ணாடியை இறக்கினார்.

"எஞ்சினை ஆஃப் பண்ணுங்க சார்" என்றார் பங்க் ஊழியர்.

"ரெண்டு நிமிஷம் இப்படியே போட முடியாதா?"

"பத்திக்கிறதுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகாது சார்."

அவர் திரையைப் பார்த்தார். நகத்தின் அகலம்தான் பாக்கி. அணைத்தால் எல்லாம் முதலிலிருந்து. அடுத்த சனிக்கிழமை மறுபடி பச்சை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு சாலைக்கு வந்துவிட்டார்.

"பெட்ரோல் போடலயாப்பா?"

"உன்னை விட்டுட்டுப் போட்டுக்கலாம்."

பெயின்ட் கிடங்கின் நீண்ட மதிலோரம் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. திரை கொஞ்ச நேரம் விழித்திருந்து பிறகு கறுத்தது.

"முடிஞ்சிருச்சா?" என்று பாப்பா எழுந்து உட்கார்ந்தாள்.

"நின்னுருச்சு."

ஆறு அடித்தபோது இருவரும் மதிலோரம் நின்றிருந்தார்கள். அவர் போனை வாங்கி அம்மாவைக் கூப்பிட்டது பாப்பாதான். "பெயின்ட் கிடங்கும்மா. மஞ்சள் செவுரு. பெரிய வாளி படம் போட்டிருக்கும், அது பக்கத்துல" என்று அவள் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவமானம் வரும் என்று காத்திருந்தார். எந்த மாடியில் மாட்டிக்கொண்டு நிற்கிறதோ, வரவில்லை.

பாப்பாவின் அம்மா வந்தாள். திட்டவில்லை. மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏறுங்க, பங்க்ல விடறேன்" என்றாள். முன்சீட்டில் பாப்பா ஏறிக்கொண்டாள். அவர் பின்னால், சலவைக்குப் போகும் போர்வை மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வீட்டுச் சோப்பின் வாசனை அவருக்குத் தெரியாததாக இருந்தது.

பங்க் ஊழியருக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. "என்ன சார், இப்ப எஞ்சினே இல்லாம வந்துட்டீங்க" என்று சிரித்தபடி பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் பிடித்தார். பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

பாப்பாவின் அம்மா இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"அடுத்த வாரத்துலேர்ந்து இங்கயே வந்துருங்க. காலைல நான் கொண்டுவந்து விடறேன். சாயந்திரம் நானே வந்து கூட்டிக்கிறேன். ரெண்டு பேருக்கும் அலைச்சல் இல்ல."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவள் மூட்டையை இறக்கி வைப்பது போலச் சொன்னாள். சொல்வதற்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று அவர் யோசித்துப் பார்த்தார். பல் வைத்த கிண்ணத்தைப் பற்றிச் சொல்லலாம். அதை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"எந்தப் பக்கம் நிக்கணும்?" என்று கேட்டார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். "காத்தடிக்கிற மெஷின் இருக்குல்ல, அந்த ஓரமா. அங்க நின்னா யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க."

"சரி" என்றார். கேனின் மூடியை இன்னொரு தடவை இறுக்கினார்.