வண்டியை நிறுத்தாமல் போகத் தெரியாதவர்

இந்தோனேசியாவின் மக்காசர் நகரில் ஆள் ஏற்றும் நீல வேன் ஓட்டியவர்களில் என் அப்பா டாயெங் கஸ்ஸிங் அளவுக்கு மெதுவாகப் போனவர் யாரும் கிடையாது. வண்டி பழசு என்பதால் அல்ல. சாலையோரம் ஆள் நின்றால் அவர் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். "வர்றீங்களா?" என்று தலையை வெளியே நீட்டுவார். "என் வீட்டு வாசல்ல நிக்கிறேன்யா, எங்க வர்றது?" என்று திட்டு வாங்கியதும் உண்டு.

நோன்புப் பெருநாள் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கடற்கரைப் பக்கம் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனார். அம்மா டாயெங் பாஜி (எங்கள் ஊரில் பெரியவர்கள் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு டாயெங் சேர்ப்பார்கள்) புதுப் பட்டுச் சாரம் கட்டி, உதட்டுக்குச் சாயம்கூடப் பூசியிருந்தாள். ஏறுவதற்கு முன்பே அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இன்னைக்கு இது நம்ம குடும்ப வண்டி. யாருக்காவது நிறுத்தினீங்க, நான் இறங்கிப் போயிடுவேன்."

"சத்தியமா நிறுத்த மாட்டேன்" என்றார் அப்பா.

மாட்டுக்குடல் கோத்தோ சூப் குடிக்கும்வரை சத்தியம் நின்றது. கடையை விட்டுக் கிளம்பி இரண்டாவது திருப்பத்தில் ஒரு கிழவி, கையில் இரண்டு உயிர்க்கோழியோடு வெயிலில் நின்றாள். வண்டி நின்றது.

"டாயெங்!" என்றாள் அம்மா.

"கல்யாண வீட்டுக்குப் போறாங்க பாஜி. கோழி மயங்கிடும்."

"கோழி மயங்கினா உங்களுக்கென்ன? நீங்க மாப்பிள்ளையா?"

கிழவி அதற்குள் ஏறி என் தங்கை பஸ்ஸேயின் மடியில் ஒரு கோழியை வைத்திருந்தாள். பஸ்ஸேக்கு ஒரே குஷி. கிழவியை இறக்கிவிடக் கல்யாணத் தெருவுக்குள் போனால் இன்னும் மூன்று பேர் ஏறினார்கள். அவர்களை இறக்கக் கிழக்கே போனோம். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் கையைத் தொட்டேன், உதறிவிட்டாள்.

கடைசியாகக் கடலை நோக்கித் திரும்பும்போது, தோளில் அரிசி மூட்டையும் கையில் கரிப் பையுமாக ஒரு மனிதர் நடந்துகொண்டிருந்தார். அப்பா வண்டியை மெல்ல மெல்ல உருட்டினார். நிறுத்தவில்லை. முகம் மட்டும் வாடிப்போயிற்று. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "நிறுத்தித் தொலைங்க. உங்க மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கலை" என்றாள்.

மூட்டையோடு ஏறியவர் பெயர் டாயெங் சிபாலி. பாவோத்தேரே துறைமுகத்தில் மரம் ஏற்றும் பாய்மரக் கப்பலில் சமையல்காரர். வண்டிக் கூலி வாங்க மறுத்த அப்பாவைப் பார்த்து, "அப்போ எங்க கப்பல்ல வந்து சாப்பிடணும். இல்லேன்னா நான் இறங்க மாட்டேன்" என்று இருக்கையைப் பிடித்துக்கொண்டார்.

கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒற்றைப் பலகை. கீழே எண்ணெய் மினுக்கும் தண்ணீர். பஸ்ஸேயும் நானும் ஓடிப்போய் ஏறிவிட்டோம். அம்மா கரையிலேயே நின்றாள்.

"நான் இங்கேயே இருக்கேன். நீங்க போய்த் தின்னுட்டு வாங்க."

அப்பா பலகையில் பின்பக்கமாக நடந்தார், இரண்டு கையையும் அவளிடம் நீட்டியபடி. "என்னைப் பாரு. தண்ணியைப் பாக்காத."

"உங்களைப் பாத்துத்தானே இந்தக் கதியில நிக்கிறேன்!"

கப்பல்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மா பிஸ்மில்லா சொல்லிச் செருப்பைக் கழற்றி, சாரத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலை வைத்தாள். பாதியில் பலகை ஆடியது. அப்பாவின் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்ததைப் பிறகு பார்த்தேன். ஒரு சத்தம்கூட இல்லாமல் நின்றார்.

மேலே மீன் கரியில் வெந்துகொண்டிருந்தது. மாங்காயைச் சீவி மிளகாய் போட்ட துவையலை ஒரு விரலால் தொட்டு நக்கிய அம்மா, "இது என்ன, கொசு மருந்தா?" என்றாள். சிபாலியிடமிருந்து அம்மியை வாங்கித் தானே அரைத்தாள். அதற்குப் பிறகு மாலுமிகள் சோற்றுச் சட்டியைக் காலி செய்துவிட்டார்கள். மீனின் கன்னச் சதையைப் பிய்த்து அப்பா யாரும் பார்க்காதபோது அம்மாவின் தட்டில் வைத்தார். அம்மா அதை பஸ்ஸேக்குக் கொடுத்தாள். அவர் இன்னொன்றை வைத்தார். அதை அவளே தின்றாள்.

லோசாரி கடற்கரைக்கு நாங்கள் போய்ச் சேரும்போது சூரியன் பாதி முங்கியிருந்தது. நசுக்கிச் சுட்ட வாழைப்பழத்தில் கருப்பட்டிப் பாகு ஊற்றி ஆளுக்கொரு தட்டு வாங்கினோம். பக்கத்தில் சுமாத்ராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அம்மா அவர்களிடம் பலகையின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீண்டது.

"யார் கையையும் பிடிக்காமலா ஏறினீங்க?" என்று அந்த வீட்டு அம்மாள் ஆச்சரியப்பட்டாள்.

அம்மா ஒரு நொடி யோசித்தாள். அப்பா பாகு வழிந்த விரல்களைச் சப்பிக்கொண்டு கடலைப் பார்த்தார்.

"ஆமா," என்றாள் அம்மா, "இவரைத்தான் நான் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்."